எங்கள் ஊர் பப்பை மறுபடி திறந்த அனுபவம்

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறோம். பஸ் பெயருக்குத்தான் வரும். கடை முன்பே போயிற்று. பப்பும் மூடிய பிறகு, நாலு பேர் உட்கார்ந்து பேச தேவாலயத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கட்டடத்தை வைத்திருந்த கம்பெனி அதை வீடாக்கி விற்கப் பார்த்தது.

ரிச்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹட்ஸ்வெல்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. அங்கே 2008-இல் மூடிய ஜார்ஜ் அண்ட் டிராகனை ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி 2010-இல் திறந்தார்கள். உள்ளே குட்டிக் கடை, நூலகம், பின்னால் காய்கறி போட நிலம். 2016-க்கான நாட்டின் சிறந்த பப் விருதைக் காம்ரா என்ற பீர் பிரியர்கள் அமைப்பு அதற்குத்தான் கொடுத்தது.

2011 லோக்கலிசம் சட்டப்படி, உங்கள் பப்பை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று கவுன்சிலில் பதிந்து வையுங்கள். உரிமையாளர் விற்கப்போனால் பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் ஊருக்குத்தான் விற்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, அதனால் பதிந்துவிட்டோமே என்று சும்மா இருக்கக் கூடாது. நாங்களும் பங்கு போட்டுத்தான் வாங்கினோம். பங்கு எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று வைத்தோம். பணக்காரர் நாலு பேர் கையில் போய்விடுமோ என்று தயங்கியவர்கள் அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

பணம் திரட்டுவதைவிட பீர் வைக்கும் நிலவறைதான் கஷ்டம் என்பேன். காஸ்க் பீர் உயிருள்ள சரக்கு, பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும். 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்து, அசைக்காமல் தெளியவிட வேண்டும். பக்கத்து ஊரில் பப் நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் பீப்பாயின் மேல் அடைப்பில் மெல்லிய மரக்குச்சியை அடித்து இறக்கினார். உஸ்ஸென்று நுரை கொப்பளித்தது. அது அடங்கி பீர் தெளிந்ததும் குழாயை முகப்பில் வைத்து மரச்சுத்தியலால் ஒரே அடி. “யோசித்து அடித்தால் பீரில் குளிப்பாய்” என்றார்.

திறந்துவிட்டால் மூன்று நாள்தான் நல்ல ருசி. ஃபிர்கின் என்ற பீப்பாயில் 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). செவ்வாய்க்கிழமை மழையில் அவ்வளவையும் யார் குடிப்பார்கள்? பீர் இறைக்கும் கைப்பம்பு நாலு வைக்க வேண்டும் என்று குழுவில் பலருக்கு ஆசை. பெரியவர் பேச்சைக் கேட்டு ஒன்றில் தொடங்கினோம், அதுவும் 36 பைன்ட் பிடிக்கும் சின்ன ‘பின்’ பீப்பாயில். முதல் கிளாஸிலேயே புளித்த பீர் குடித்தவர் மறுபடி வரமாட்டார். அப்புறம் காலையில் காபி, ஊர்க்காரர்களுக்கு வரும் தபால் பார்சலை வாங்கி வைப்பது, வியாழன் இரவு எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பு. குடிக்காதவர்களும் உள்ளே வந்தால்தான் வாரநாள் ஓடும்.

கம்ப்ரியாவிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, எங்களுக்குப் பக்கத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்ட் கிரவுனை 2003-இலேயே கூட்டுறவாக வாங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து எங்கள் ஊரிலும் பேச்சு நடக்கிறது. தினமும் பப்பை நடத்துவது நீங்களேவா?

இல்லை தம்பி. கட்டடம் ஊருக்கு, நடத்துவது குத்தகைக்கு எடுத்த ஒரு தம்பதி, மாடியிலேயே குடியிருக்கிறார்கள். தன்னார்வலர்களை நம்பி முழு வாரமும் ஓட்ட முடியாது. வாடகையைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். முதல் குளிர்காலத்தை அவர்கள் தாண்டவேண்டும்.