அரை கிராம் தங்கக் காசு வாங்கிச் சேர்க்கலாமா?

சத்துவாச்சாரி டிபன் கடை:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுத் திண்ணையிலேயே காலை டிபன் கடை வைத்திருக்கிறேன். அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் போக வாரக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சுகிறது. அது கையில் இருந்தால் யாராவது கைமாற்றுக் கேட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கோ இல்லை என்று சொல்ல வாய் வராது.

நகைச் சீட்டு ஒன்று ஏற்கெனவே கட்டி வருகிறேன். பதினோரு மாதம் முடிந்ததும் நகையாகத்தான் எடுக்க வேண்டும், காசாகத் தர மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த நிலையில் லாங்கு பஜாருக்கு மளிகை வாங்கப் போனபோது ஒரு நகைக்கடை வாசலில் அரை கிராம், ஒரு கிராம் காசுகளை அட்டையில் பொதிந்து அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். மகாலட்சுமி போட்டது, ரோஜாப்பூ போட்டது என்று விதவிதமாக இருந்தன. முன்பணம் வேண்டாம், தவணை வேண்டாம், மிஞ்சுகிற வாரம் ஒன்று வாங்கிப் பீரோவில் போட்டுவிடலாம் என்று மனம் சொல்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம் கட்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்து விற்கலாம் அல்லவா?

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "கீழே விழுந்தால் விளக்குமாற்றால் கூட்டித்தான் தேட வேண்டும், இதற்குப் போய்ச் செய்கூலியா?" என்கிறார். மாமியாரோ தங்கம் எந்த அளவில் இருந்தாலும் தங்கம்தான் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகாயம் 632002:

அக்கா, இந்தக் காலத்தில் யார் காசைப் பீரோவில் வைக்கிறார்கள்? கைப்பேசிச் செயலியிலேயே நூறு ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் டிஜிட்டல் தங்கம் வாங்கலாம். தொலையாது, திருடு போகாது. கைமாற்றுக் கேட்பவர்கள் கண்ணிலும் படாது.

உரைகல்:

டிபன் கடை அம்மாவுக்கு வணக்கம். குடியாத்தத்திலும் வேலூரிலும் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தங்கத்தை வாங்குகிற இடத்தில் நின்று பார்த்தவனல்ல, அது திரும்பி வருகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் என் பேச்சு கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் மாமியார் சொல்வது வேதியியல்படி சரி, வியாபாரப்படி சரியில்லை. ஒரே ஒரு இட்லி கேட்டாலும் நீங்கள் அடுப்பைப் பற்றவைத்துக் குண்டானில் தண்ணீர் வைத்துத்தான் ஆக வேண்டும். காசு அடிக்கிறவனுக்கும் அப்படித்தான். அரை கிராமோ எட்டு கிராமோ, தகடு வெட்டி, அச்சு போட்டு, எடை சரிபார்த்து, அட்டையில் பொதிகிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கூலி எட்டு கிராமில் கரைந்துபோகும், அரை கிராமில் துருத்திக்கொண்டு நிற்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எளிமைக்காக 24 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி கடைக்குக் கடை மாறும், எனவே இதுவும் உத்தேசம்தான்: அரை கிராம் காசுக்கு 350 ரூபாய், எட்டு கிராம் காசுக்கு 800 ரூபாய். அரை கிராம் 5,350 ஆகிறது. அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 5,510. மறுநாளே விற்கப் போகிறீர்கள், கடைக்காரர் இரண்டு சதவீதம் கழிக்கிறார் என்றால் கைக்கு வருவது 4,900. போனது 610 ரூபாய், நீங்கள் போட்டதில் நூற்றுக்குப் பதினொன்று. இதே கணக்கில் எட்டு கிராமுக்கு 83,224 கொடுக்கிறீர்கள், 78,400 திரும்புகிறது. இழப்பு ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, தங்கம் பன்னிரண்டரை சதவீதம் ஏறினால்தான் அரை கிராம் காசில் உங்கள் முதல் மீளும். செலுத்திய ஜி.எஸ்.டி. எந்தக் காசிலும் திரும்பாது, அதை மறந்துவிடுங்கள்.

இரண்டு சதவீதக் கழிவும் நான் தாராளமாகப் போட்டதுதான். விற்ற கடையே திரும்ப வாங்கினால் அப்படி நடக்கலாம். வேறு கடைக்குப் போனால் 24 கேரட் காசை 22 கேரட் விலைக்குக் கேட்பவர்கள் உண்டு. அங்கேயே எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். அட்டையைப் பிரித்திருந்தால் பேச்சே வேறு, உருக்கிப் பார்த்துத்தான் சொல்வோம் என்பார்கள். தராசையும் கவனியுங்கள். 10 மில்லிகிராம் வரைதான் காட்டும் தராசு இன்னும் சில கடைகளில் இருக்கிறது. ஓர் இலக்கம் முன்னே பின்னே போனால், மேலே சொன்ன விலையில் 100 ரூபாய். ஒரு சவரனில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அரை கிராமில் அது ஐம்பதில் ஒரு பங்கு. பழைய முறைப்படி என்னைப் போன்றவன் தரம் பார்க்க உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால்கூட அந்தக் காசுக்கு வலிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வேண்டியதை மட்டும் எடுத்து விற்கலாம் என்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் தங்கத்தை விற்கிறவர்கள் குறைவு, அடகு வைக்கிறவர்கள்தான் அதிகம். ஆடியில் வைப்பார்கள், தையில் மீட்பார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களும் குடியாத்தத்தில் தறி வைத்திருப்பவர்களும் என் மேசைக்கு வந்தது வளையலோடும் செயினோடும்தான். காசு கொண்டுவந்தவர்களைப் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்பினேன். கட்டித் தங்கத்தின் மீது வங்கி கடன் தரக் கூடாது என்பது விதி. நாணயம் என்றால், எங்கள் காலத்தில் வங்கிகள் தாமே விற்ற சிறப்பு நாணயத்துக்கு மட்டும்தான் வழி இருந்தது, அதுவும் ஒருவருக்கு 50 கிராம் வரை. கடைக் காசை எடுத்துக்கொண்டு நேராக அடகுக் கடைக்குத்தான் போனார்கள், அங்கே வட்டி என்ன என்பது உங்களுக்கே தெரியும். வங்கியில் காசு வாங்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். வங்கி விற்கும், திரும்ப வாங்காது.

பாகாயம் தம்பிக்கு: டிஜிட்டல் தங்கம் தங்கள் கண்காணிப்பின் கீழ் வரவில்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் பகிரங்கமாகவே எச்சரித்தது. அதிலும் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளியும் உண்டு. பரிந்துரைப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். அரசின் தங்கப் பத்திரம் இருந்தபோது ஒரு கிராம் வாங்குவதில் ஓர் அர்த்தம் இருந்தது. செய்கூலி கிடையாது, ஆண்டுக்கு 2.5 சதவீதம் வட்டியும் வந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை.

ஆற்காட்டுப் பணம்:

உரைகல் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சின்னக் காசு என்றாலே ஏமாற்று என்பது போல ஒரு தொனி வந்துவிட்டது. பழைய நாணயம் சேர்க்கிறவன் என்ற முறையில் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அரை கிராமுக்கும் குறைவான பொற்காசு நம் மண்ணுக்குப் புதிதல்ல. விஜயநகரக் காலத்திலும் அதன் பிறகும் தென்னாட்டில் புழங்கிய 'பணம்' என்ற பொற்காசு ஒவ்வொன்றும் 0.4 கிராமுக்கும் குறைவு. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். வராகன் என்ற பெரிய பொற்காசு ஏறக்குறைய மூன்றரை கிராம் என்பதால் சில்லறை வாங்குவதற்கு அது உதவாது, பணம்தான் உதவியது. பின்னாளில் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனிக் கணக்குப்படி 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், அது மூன்றரை ரூபாய். பணம் வெள்ளிக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. 1818-இல் ரூபாயை நிலைநிறுத்தும் வரை இந்தக் கணக்குதான். எண்ணும்போது சிந்தாமல் இருக்கக் குழி வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். கைப்பிடி அளவு காசை அதன் மேல் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தைத் தள்ளிவிடலாம். அக்காவின் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பலகை செய்து கொடுக்கலாம், விளக்குமாறு வேண்டியிருக்காது.

இன்றைக்கும் சீனா தன் பாண்டா நாணயத்தை 2016 முதல் ஒரு கிராமிலும் அடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை அரை கிராமில் கங்காரு போட்டு விற்கிறது. 0.5 கிராம் தங்கத்தைப் பத்து மில்லிமீட்டர் விட்டத்தில் தட்டினால் தடிமன் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதற்குள் ஒரு கங்காருவின் ரோமம் தெரியும்படி அச்சு வெட்டுவது சாதாரண வேலையில்லை. அதைக் கையில் வைத்துப் பார்க்கிற சந்தோஷத்துக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். அதைச் சேமிப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பணம் சந்தையில் கைமாறுவதற்காக அடித்தது. இன்றைய அரை கிராமைக் கொடுத்து உழவர் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்க முடியாது.

உரைகல்:

ஆற்காட்டுக்காரர் ஆசைக்கு வாங்குகிறார், அவருக்குக் கணக்குச் சொல்வது என் வேலையில்லை. பலகை யோசனை நன்றாக இருக்கிறது.

சத்துவாச்சாரி டிபன் கடை:

ஐயா, கணக்கு புரிந்தது, மிக்க நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், நான்தான் சொன்னேனே என்று எழுந்து போய்விட்டார். ஆனால் நீங்கள் சொல்வதுபோல் எட்டு கிராமுக்குப் பணம் சேரும் வரை அது என் கையில் நிற்காது என்பதுதானே சிக்கல்? 610 ரூபாய் போனாலும் 4,900 மிஞ்சுகிறது. கைமாற்றுக் கொடுத்தால் அதுவும் வராது.

இன்னொன்று, வைகாசியில் கெங்கையம்மன் திருவிழாவுக்குக் குடியாத்தம் போகிறோம். அப்போது நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. அதற்கு ஒரு காசு கொடுக்கலாமா?

உரைகல்:

அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் சரியாக எடைபோடவில்லை. பணம் கையில் நிற்காத வீட்டில் பதினொரு சதவீதம் பூட்டுக்குக் கொடுக்கிற விலை. ஆனால் அதைவிட மலிவான பூட்டு இருக்கிறது. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடுங்கள். கைமாற்றுக் கேட்பவரிடம் பாஸ்புக்கைக் காட்டலாம். முதிர்ந்ததும் நான்கு கிராமுக்கு வந்தால் நான்கு, எட்டுக்கு வந்தால் எட்டு வாங்குங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் தங்கத்தில் போடாதீர்கள். கட்டணம் கட்டுகிற தேதி தள்ளிப்போகாது, அன்றைக்குத் தங்கம் இறங்கியிருந்தால் காத்திருக்கவும் முடியாது.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் அரை கிராம் வேண்டாம், ஒரு கிராமுக்குக் கீழே இறங்காதீர்கள். எல்லாக் காசையும் ஒரே கடையில், ஒரே அச்சில் வாங்குங்கள். திரும்பக் கொடுத்தால் எந்த விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் ஒரு கடுகளவு தங்கமும் வாங்காதீர்கள்.

காதுகுத்துக்கு ஒரு கிராம் தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே செய்கூலியும் அன்பளிப்பில் சேர்த்தி. ஆனால் 24 கேரட் வாங்காதீர்கள், அது மென்மையானது. நாத்தனார் வளையம் வைத்துக் குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டினால் ஒரே மாதத்தில் மடங்கிவிடும். 22 கேரட், 916 என்று கேளுங்கள். இரண்டு கிராமுக்குக் கீழ் ஹால்மார்க் கட்டாயமில்லை, எனவே காசில் முத்திரை இல்லை என்பதால் மட்டும் போலி என்று பயப்பட வேண்டாம். அதே காரணத்தால் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பியும் வந்துவிட வேண்டாம். பில்லில் தரம், எடை இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், எடை புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை. அந்தப் பில்லைக் காசோடு சேர்த்தே நாத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள், மொய் எழுதுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.