சாண்ட்விச் ஹார்பர்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

வணக்கம். ஆகஸ்டில் நமீபியா போகிறோம். வால்விஸ் பே ஊருக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் போல இருக்கும் சாண்ட்விச் ஹார்பருக்கு, வழிகாட்டியே ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஒருநாள் போய்வர ஆசை. நமீப் பாலைவனத்து மணல்மேடுகள் நேராக அட்லாண்டிக் கடலில் இறங்கும் இடம். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மேட்டில் ஏற்றி இறக்குவார்களாம். எனக்குச் சரி, அம்மாவுக்கு 64 வயது, இடுப்பு வலி வேறு. முன்சீட்டில் உட்கார்ந்தால் குலுக்கலைத் தாங்குவாரா? கடல் ஏறினால் கரையோர வழி அடைபட்டுவிடும் என்கிறார்கள். அப்படியானால் கடல் ஏறி இறங்கும் நேரம் (ஓதம்) பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டுமா? காலை மூடுபனியில் ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா? அப்புறம், வழியில் கழிப்பறை உண்டா? அம்மாவின் முதல் கேள்வியே அதுதான். போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.