ஆர்-101 எரிந்தது யார் குற்றம்?

திருகாணி:
ஆகாயக் கப்பல் விபத்து என்றாலே எல்லாரும் 1937-இல் எரிந்த ஜெர்மனியின் ஹிண்டன்பர்க்கைத்தான் சொல்கிறார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1930 அக்டோபர் 5, இரவு இரண்டு மணி தாண்டி, பிரான்சில் போவே ஊருக்குப் பக்கத்தில் பிரிட்டனின் ஆகாயக் கப்பல் ஆர்-101 விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் போய்விட்டார்கள். இங்கிலாந்தின் கார்டிங்டனில் இருந்து அன்றைய இந்தியாவின் கராச்சிக்குக் கிளம்பிய முதல் பயணம். என்னைக் கேட்டால், கொன்றது விமானத் துறை அமைச்சர் தாம்சன் பிரபுவின் அவசரம். பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் தலைவர்கள் லண்டனில் கூடும் பேரரசு மாநாட்டுக்குள் இந்தியா போய்த் திரும்பிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். அவரும் அதே கப்பலில்தான் செத்தார்.

கேன்வாஸ்:
செத்துப்போன அமைச்சர் தலையில் கட்டுவது சுலபம் சார். கப்பலே சரியில்லை. வெப்ப நாட்டில் பெட்ரோல் ஆபத்து என்று டீசல் இன்ஜின் வைத்தார்கள், ஏகப்பட்ட கனம். தூக்கும் சக்தி போதவில்லை என்று, கப்பலை மிதக்கவைக்கும் வாயுப் பைகளைக் கட்டியிருந்த கம்பிகளைத் தளர்த்தினார்கள். பெருத்த பைகள் சட்டத்தில் உரசி ஓட்டை விழுந்தது. அப்புறம் கப்பலையே நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் செருகி 777 அடி ஆக்கினார்கள். கடைசியில், மூக்குப் பக்கம் வெளித் துணி உறை கிழிந்து முன் பையிலிருந்து வாயு போயிருக்கும் என்பதுதான் விசாரணையின் முடிவு.

திருகாணி:
சரி, அந்தத் துண்டைச் செருகிய பிறகு எத்தனை சோதனை ஓட்டம்? ஒன்றே ஒன்று. அதுவும் காற்று அடங்கிய நாளில். ஒரு இன்ஜினில் ஆயில் கூலர் மக்கர் பண்ணியதால் முழு வேகம் பார்க்கவே இல்லை. பறக்கத் தகுதிச் சான்றிதழ் புறப்படும் சமயத்தில்தான் கைக்கு வந்தது. சொன்ன தேதியில் பயணம் நடந்தாக வேண்டும், நான் திட்டம் போட்டாயிற்று என்று தாம்சன் ஜூலையிலேயே குறிப்பு எழுதிவிட்டார். இதற்கு மேல் எந்த அதிகாரி வாய் திறப்பான்?

வேடிக்கை பார்ப்பவன்:
ரெண்டு பேரும் அந்தப் பைகளில் இருந்த ஹைட்ரஜனை விட்டுவிட்டீர்களே, சட்டென்று தீப்பிடிக்கும் வாயு அது. தரையில் மோதிய வேகம் குறைவுதான். ஆளைத் தின்றது தீ. பின்பக்க இன்ஜின் கூண்டில் இருந்த இன்ஜின் ஊழியர்கள் பின்க்ஸும் பெல்லும் எப்படிப் பிழைத்தார்கள்? மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவர்கள்மேல் கொட்டியது. பின்க்ஸ் ஷிப்டுக்குக் கொஞ்சம் லேட்டாக வந்ததால்தான் பெல் இன்னும் அங்கேயே இருந்தார். இந்த லட்சணத்தில் கப்பலுக்குள் சிகரெட் பிடிக்க ஒரு அறை வேறு!

கேன்வாஸ்:
தீப்பிடிக்காத ஹீலியம் அப்போது அமெரிக்கா கையில் இருந்தது நண்பரே. கிடைத்திருந்தாலும் அதற்குத் தூக்கும் சக்தி குறைவு. ஏற்கெனவே எடையில் திணறிய கப்பல் கிளம்பியே இருக்காது.

வேடிக்கை பார்ப்பவன்:
கிளம்பாமல் இருந்திருந்தால் நல்லதுதானே! அது போகட்டும், விசாரணைக்குத் தலைமை யார் தெரியுமா? ஜான் சைமன். ‘சைமனே திரும்பிப் போ’ என்று நம் ஊரில் கறுப்புக் கொடி காட்டினார்களே, அதே சைமன்.

திருகாணி:
கேன்வாஸ் சார், துணி கிழிந்தால் கப்பல் விழுந்தே தீரும் என்றில்லை. அதே வருடம் பிரிட்டனின் இன்னொரு ஆகாயக் கப்பலான ஆர்-100 கனடா போனபோது வால் துடுப்பில் உறை கிழிந்தது. பறந்துகொண்டே சரி செய்தார்கள், பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள்.

கேன்வாஸ்:
வால் வேறு, மூக்கு வேறு. காற்று முகத்தில் அறைகிற இடம் அது. ஆர்-101-இல் உறையை ஏறக்குறைய முழுக்க மாற்றியவர்கள், மூக்கில் மட்டும் ஒரு பகுதியைப் பழையதாகவே விட்டு, மேலே பட்டை ஒட்டிப் பலப்படுத்தினார்கள். அதைத்தான் துணிக் கோளாறு என்கிறேன்.

திருகாணி:
அந்த ஒரு பகுதியையும் மாற்ற இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்கும்? அந்த நாளைக் கொடுக்காதது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.