ஸ்டோர்டு புரொசீஜர்: ‘வைப்புச் செய்முறை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுதளத்துக்குள் இருக்கும் ஸ்டோர்டு புரொசீஜரிலிருந்தே இணையச் சேவைக்கு ஜேசான் (தரவை எழுத்துவடிவில் அனுப்பும் முறை) கோரிக்கை அனுப்புவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். தரவுதளத்திலேயே சேமித்து வைத்து, வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்புதான் ஸ்டோர்டு புரொசீஜர். ஸ்டோர்டு புரொசீஜருக்கு என்ன சொல்வது?

‘சேமித்த செயல்முறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் தவறில்லை. ஆனால் பிராசஸுக்கும், அதாவது கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கும், அதே ‘செயல்முறை’தான். என் கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் வருகின்றன; பதில் வரும்வரை காத்துக் கிடப்பது எது என்று படிப்பவர் குழம்புவார்.

முதலில் ‘வைப்புநிரல்’ என்று எழுதிப் பார்த்தேன்; நிரல் என்றால் புரோகிராம். சின்னச் சொல். வைப்புநிதி போல ஒருமுறை உள்ளே வைத்துவிட்டு வேண்டும்போது எடுத்தாளலாம் என்பதும் அதில் தெரிகிறது. ஆனால் கணக்கில் வரும் அணிகளில் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அட்டவணை புழங்கும் இடத்தில் ‘வைப்புநிரல்’ என்றால் காலம்ன் என்றுதான் தோன்றும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதள மென்பொருளின் 12-ஆம் பதிப்பில், கணக்கிட்ட மதிப்பைச் சேமித்தே வைக்கும் காலம்ன் வேறு வந்துவிட்டது. கைவிட்டேன்.

அப்புறம் பிடித்ததுதான் ‘வைப்புச் செய்முறை’. சமையல் குறிப்பில் செய்முறை என்றால் எல்லோருக்கும் தெரியும்: எது முதலில், எது அடுத்து. புரொசீஜரும் அதுவே. கோரிக்கையைத் தொடங்கு, தலைப்புகளை (கோரிக்கை பற்றிய விவரங்களை) வை, ஜேசானை எழுது, பதிலை வாங்கு, இணைப்பை மூடு. ஆரக்கிள் தரவுதளத்தில் இணையக் கோரிக்கை அனுப்ப உதவும் யூடிஎல்_எச்டிடிபி தொகுப்பில் இந்த வரிசை மாறினால் வேலை நடக்காது. ‘வைப்புச் செய்முறையை அழை’ என்று பேசிப் பாருங்கள், நாக்கில் தடங்காது.

இன்னொரு சொல்லுக்கும் உங்கள் கருத்து வேண்டும்: கேரக்டர். ‘எழுத்து’ என்று எழுதிவிட்டால் ஆபத்து. அனுப்பும் உள்ளடக்கத்தின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் தலைப்பில், கேரக்டர் எண்ணிக்கையை அல்ல, பைட் (சேமிப்பின் சிறு அலகு) எண்ணிக்கையைத் தர வேண்டும். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து. கேரக்டர்களை எண்ணும் ஆரக்கிளின் லெங்த் கட்டளை, மி-யின் கொக்கியையும் ழ்-இன் புள்ளியையும் தனியாக எண்ணி 5 என்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். லெங்த் தந்த எண்ணை நான் அப்படியே அனுப்பி, ஜேசான் பாதியில் அறுந்து, ‘கோரிக்கை தவறு’ என்று சேவை திருப்பி அனுப்பும் 400 பிழைக்கு அரை நாள் காரணம் தேடியிருக்கிறேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால், ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தவரை எல்லாம் சரியாக ஓடியது. முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் உடைந்தது. பைட்டுகளை எண்ணும் லெங்த்பி என்று மாற்றிய பிறகே சரியானது. கையேட்டைப் படிப்பவருக்கு இது நேரக் கூடாது. ‘குறியுரு’ என்றால் எழுத்திலிருந்து வேறுபட்டு நிற்கும் என்று நினைக்கிறேன். இதைவிட எளிய சொல் இருந்தால் சொல்லுங்கள். திங்களுக்குள் அந்த அத்தியாயத்தை முடிக்க வேண்டும்.