பாக்ஸ்டரை பத்து மாதம் நிறுத்தப் போகிறேன், பேட்டரியை என்ன செய்வது?

பாயான் லெப்பாஸ் வாசி

வணக்கம். என்னிடம் இருப்பது 2008 போர்ஷே பாக்ஸ்டர், 987 மாடல். கம்பெனி என்னைப் பத்து மாதத்துக்கு ஜெர்மனி அனுப்புகிறது. போர்ஷே பிறந்த நாட்டுக்கு நான் போகிறேன், காடி பினாங்கில் கிடக்கும்! கொண்டோவில் நிறுத்துமிடம் அடித்தளத்தில். பக்கத்துத் தூணிலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஆனால் அதில் எதையும் சொருகக்கூடாது என்று மேனேஜ்மென்ட் சொல்லிவிட்டது. மச்சான் வாராவாரம் வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகச் சொல்கிறார். அது போதுமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் பனிக்காலத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

பிறைக்காரன்

நெகடிவ் ஒயரைக் கழட்டிவிட்டு நிம்மதியாகப் போங்கள். ஒரு ஸ்பேனர் வேலை.

செந்தூல் ஒயர்மேன்

தம்பி, மேலே சொன்னது பாதி சரி. கழட்டிவிட்டு முன் மூடியைச் சாத்தினீர்கள் என்றால், திரும்பி வந்து அந்த மூடியையே திறக்க முடியாது. இந்த மாடலில் பேட்டரி முன்பக்கச் சாமான் அறைக்குள், முன் கண்ணாடியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் மறைப்புக்குக் கீழே இருக்கிறது. அந்த அறையின் பூட்டோ கரண்டில்தான் திறக்கும். மாட்டிக்கொண்டால் வழி உண்டு: காலடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஒரு பாசிட்டிவ் முனையை வெளியே இழுக்கலாம். வேறொரு பேட்டரியின் சிவப்பு ஒயரை அதில் கொடுத்து, கறுப்பைக் கதவு பூட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கியில் மாட்டினால் மூடி திறக்கும். அது மூடி திறப்பதற்கு மட்டும்தான். அந்த முனையிலிருந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், அவ்வளவு கரண்டை அது தாங்காது. கழட்டுவதென்றால், மூடி பூட்டில் விழாமல் சும்மா சாய்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

மச்சான் விஷயத்துக்குக் கணக்குப் போடுவோம். பூட்டி வைத்த காடியிலும் அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் விழித்தே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 8.4. பத்து நிமிட ஐடிலிங்கில் பேட்டரிக்கு 20 ஆம்பியர் போனால்கூட 3.3தான் திரும்பும். மிச்சம் வாராவாரம் கடன். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால் எக்ஸாஸ்டிலும் எண்ணெயிலும் ஈரம் வேறு தங்கும். அரை மணி நேரம் வெளியே ஓட்டச் சொன்னால் பரவாயில்லை, ஆனால் இன்சூரன்ஸில் மச்சான் பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால் 400 வெள்ளி நம் பையிலிருந்து போகும்.

அந்த வீடியோக்காரர்களுக்குக் குளிர் எதிரி, நமக்குச் சூடு. பத்து டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால். 12 பக்கம் இறங்கி அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

கரண்ட் இருக்கிற ஒரு வீடு கிடைக்குமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாயான் லெப்பாஸ் வாசி

நன்றி அண்ணே. புக்கிட் மெர்தாஜமில் அம்மா வீட்டுப் போர்ச் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பிளக் போட்டு வைத்தால் பில் ஏறும், இடி விழும் என்று பயப்படுகிறார். பேட்டரியைக் கழட்டிக் கொடுத்தால் ஸ்டோர் ரூமில் வைக்கிறேன், ஆனால் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார். உண்மையா?

பிறைக்காரன்

எங்கள் அப்பாவும் பலகை போட்டுத்தான் வைப்பார்!

செந்தூல் ஒயர்மேன்

பேட்டரிக்கு ரப்பர் பெட்டி இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. பலகை போட்டாலும் கெடுதல் இல்லை, அம்மா மனசுக்காகப் போடுங்கள். ஆனால் கழட்டி வைத்த பேட்டரியும் தானாக இறங்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது சார்ஜ் போட வேண்டும். அப்போது சாமி மேடைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அங்கே விளக்கு எரியும்.

என்னைக் கேட்டால் காடியைப் போர்ச்சுக்குக் கொண்டுபோய் மெயின்டெய்னர் போடுங்கள். சாதாரண சார்ஜர் வேண்டாம், அது நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். மெயின்டெய்னர் நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். போர்ஷேயே சார்ஜ்-ஓ-மேட் என்று ஒன்று விற்கிறது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகலாம், முன் மூடியைத் திறக்கவே வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் உங்கள் சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரி ஏஜிஎம் (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) என்றால் சார்ஜரை அந்த மோடுக்கு மாற்றுங்கள். தளர்ந்த பேட்டரியைத் தேற்றும் ரீகண்டிஷன் மோடைத் தொடாதீர்கள், சில சார்ஜர்களில் அது 15.8 வோல்ட் வரை போகும், காடியில் மாட்டியிருக்கும்போது அது வேண்டாத வேலை.

பில்லுக்குப் பயமே வேண்டாம். சராசரி 5 வாட் இழுத்தால் மாதம் 3.6 யூனிட், இரண்டு வெள்ளிகூட வராது.

இடி விஷயத்தில் அம்மா சொல்வது நியாயம்தான். சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் வாங்குங்கள். ஆனால் சார்ஜர் எரிவதைவிட அடிக்கடி நடப்பது வேறு: மின்னலுக்கு வீட்டு ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் மெயின் சுவிட்ச்) விழும், அம்மா தூக்கிவிடுவார், டிவி ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், சார்ஜர் மட்டும் பட்டனை அமுக்கும் வரை சும்மா கிடக்கும். அதனால் கரண்ட் போய் வந்தால் தானே பழைய மோடில் ஓடுகிற சார்ஜரா என்று கடையிலேயே கேளுங்கள். வாங்கியதும் வீட்டில் சுவிட்சை அணைத்துப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.