ரன் டிஎம்சியின் முதல் ரெக்கோட் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது?

கொக்குவில்_பெடியன்:
லப்டொப்பில் பீற் செய்து பழகுகிறேன். பழசைக் கேள் என்று எல்லோரும் சொன்னதால் அமெரிக்க ராப் குழு ரன் டிஎம்சியின் 1983 பாட்டு ‘சக்கர் எம்சீஸ்’ போட்டேன். டிரம், கைதட்டல், மேலே பேச்சு, அவ்வளவுதான். மெட்டும் இல்லை, பேஸும் இல்லை. காசு போதாமல் அரைகுறையாக விட்டார்களா? இதில் நான் படிக்க என்ன இருக்கிறது?

பார்க்காரன்:
தம்பி, அது வேண்டுமென்றே எடுத்தது. தயாரித்த இருவரில் ஒருவர் ரசல் சிமன்ஸ், குழுவில் பாடும் ரன்னின் அண்ணன். மற்றவர் லாரி ஸ்மித், பேஸ் கிட்டார்காரர். தன் வாத்தியத்தையே வெளியே வைத்திருக்கிறார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன் வந்த ராப் ரெக்கோட்டுகளைக் கேளுங்கள். 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’டுக்கு ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ இசையை வாத்தியக்காரரை வைத்துத் திரும்ப வாசித்தார்கள். நியூயோர்க் பூங்காக்களில் நடந்தது வேறு. பாட்டில் டிரம் மட்டும் வருகிற துண்டை இரண்டு இசைத்தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி, அதன்மேல் கதைப்பார்கள். லாரி அந்தப் பூங்காச் சத்தத்தை ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷினில் கொண்டுவந்தார். தாளம்கூடப் புதிதில்லை, அவருடைய ஒரேஞ்ச் க்ரஷ் குழுவின் ‘அக்ஷன்’ பாட்டில் இருந்தது.

நான் றெக்கோடிங் பாரில், அதாவது கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், வேலை செய்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலம், இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மற்றப் பாட்டுகளின் பேஸ் காணாமற் போய்விடும். இதில் காணாமற் போக ஒன்றுமில்லை, ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சுற்றுகிறவன் களைத்தால் ரன் கிழவன் மாதிரிக் கதைப்பார், அது வேறு கதை.

இன்னொன்று: குழுவின் மற்றப் பாடகர் டிஎம்சி அந்தப் பாட்டில் தான் சென் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத்து அம்மாக்களுக்குப் பிடிக்கக்கூடிய ராப் வரி அது ஒன்றுதான்.

இணுவிலான்:
கோயிலில் நாதஸ்வரம் நிற்கத் தவில் தனியாகப் போகும்போது ஒருவரும் எழும்பி வீட்டுக்குப் போவதில்லை. மெட்டு எங்கே என்றும் கேட்பதில்லை.

உங்கள் பீற்றில் டிரம்மைத் தவிர எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள். அலுப்படித்தால் பிழை டிரம்மில். பிறகு அவர்களுடைய கைதட்டலைக் கவனியுங்கள்: ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இடம் விட்டிருக்கிறார்கள், குரல் அங்கே போய் உட்காருகிறது. நம் பெடியள் அந்த இடத்தைக் கண்டால் உடனே ஒரு கீபோட்டைக் கொண்டுவந்து அடைத்துவிடுகிறார்கள்.

ஸ்கார்பரோ_வாசி:
பார்க்காரன் அண்ணை, பாதிதான் சொல்கிறீர்கள். அதே தட்டின் முதற் பக்கம் ‘இட்ஸ் லைக் தட்’. அதில் கீபோட் குத்து நன்றாகவே இருக்கிறது. 1984இல் வந்த முதல் ஆல்பத்தில் ‘ரொக் பொக்ஸ்’ முழுக்க எடி மார்ட்டினெஸின் கிட்டார். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சிக்குள் அவர்களைக் கொண்டுபோனது அந்தப் பாட்டுத்தான். அமெரிக்காவில் விற்பனைக்கான தங்கச் சான்று பெற்ற முதல் ராப் ஆல்பமும் அது. வெறுமையை மட்டும் கும்பிட்டால் இதை எங்கே வைப்பது?

பார்க்காரன்:
கிட்டார் விற்றது, மறுக்கவில்லை. ஆனால் ‘ரொக் பொக்ஸ்’ கேட்கிற ஆள் தலையாட்டுவது கிட்டாருக்கா டிரம்முக்கா? தம்பி, நீங்கள் ‘சக்கர் எம்சீஸ்’, பிறகு ‘இட்ஸ் லைக் தட்’, கடைசியில் ‘ரொக் பொக்ஸ்’ என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எதைச் சேர்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். அதே ஆல்பத்தின் ‘ஹார்ட் டைம்ஸ்’ கேட்டால், ராப்பர் கேர்ட்டிஸ் ப்ளோ பாடியதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், பாட்டு முதலில் அவருடையது. ரன் சின்ன வயதில் அவருக்கு டிஜேயாக நின்றவர்.

கொக்குவில்_பெடியன்:
மியூட் செய்து பார்த்தேன். இரண்டு கிக் டிரம் அடிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, பேஸ் இருந்தபோது கேட்கவேயில்லை. சரி, டிஎம்எக்ஸ் சாம்பிள் எங்கே எடுக்கிறீர்கள்? அந்தக் கைதட்டல்தான் வேண்டும்.