சம்பளப் பொருத்தம்: கூடைப்பந்துக் கலைச்சொற்கள் சில

நண்பர்களுக்கு வணக்கம். என்.பி.ஏ. எனும் அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் புழங்கும் சொற்களுக்கு நாம் தயாரிக்கும் தமிழ்ப் பட்டியலைப் பற்றி என் கருத்துகள் இவை. மேற்கோள் குறியிட்ட வரிகள் பட்டியலுக்கு வந்த முன்மொழிவுகள்.

> 'சாலரி கேப்' = சம்பள உச்சவரம்பு. நில உச்சவரம்பு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே?

ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. நில உச்சவரம்புக்கு மேல் ஒருவர் தன் பெயரில் நிலம் வைத்திருக்க முடியாது (பினாமி வேறு கதை). சாலரி கேப் என்பது ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு. என்.பி.ஏ.வில் அதைத் தாண்ட வழி உண்டு. 2024–25 பருவத்தின் வரம்பு ஏறத்தாழ 14.06 கோடி டாலர். பெரும்பாலான அணிகள் அதைத் தாண்டித்தான் நின்றன. முன்னாள் வீரர் லாரி பேர்ட் பெயரால் வழங்கும் விலக்கு இருக்கிறதே, அதைக் கொண்டு சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பை மீறலாம். ஆகவே மென்பொருள், வன்பொருள் போல இங்கே மென்வரம்பு, என்.எஃப்.எல். எனும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரில் வன்வரம்பு என்று பிரித்துவிடலாம்.

> 'ட்ரேட்' = கைமாற்று

வேண்டாம். கைமாற்று என்றால் மாதக் கடைசியில் தெரிந்தவரிடம் வாங்கும் வட்டியில்லாக் கடன். ஐரோப்பியக் கால்பந்தில் வீரரைக் கடனாக அனுப்பும் வழக்கம் உண்டு, அதற்கு வேண்டுமானால் எடுத்து வைப்போம். 'இடமாற்றம்' தாசில்தாருக்கு வருவது. அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கு 'வீரர் மாற்று' போதும்.

ஆனால் பட்டியலில் விடுபட்ட ஒரு சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரம்பைத் தாண்டிய அணி வெளியிலிருந்து பெரிய சம்பளக்காரரை நேரடியாக ஒப்பந்தம் செய்ய முடியாது. மாற்றின் வழியேதான் கொண்டுவர வேண்டும், அப்போது போகும் சம்பளமும் வரும் சம்பளமும் விதி சொல்லும் அளவுக்கு ஒத்துவர வேண்டும். இதற்கு 'சம்பளப் பொருத்தம்' என்று முன்மொழிகிறேன். ஜாதகப் பொருத்தம் நினைவுக்கு வந்தால் வரட்டும். இங்கேயும் ஆளைப் பார்ப்பதற்கு முன் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

2008 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி ஜேசன் கிட்டை நியூ ஜெர்சி நெட்ஸிடமிருந்து வாங்கியது நினைவிருக்கலாம். முதலில் பேசிய மாற்றில் டெவியன் ஜார்ஜ் இருந்தார். ஓராண்டு ஒப்பந்தக்காரர் என்பதால் மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது, மறுத்துவிட்டார். கணக்கு உதைத்தது. அப்புறம் டல்லாஸ் கண்டெடுத்தது கீத் வான் ஹார்னை. அவர் 2006க்குப் பிறகு ஆடவே இல்லை, ஆனால் அவர் மீதான பேர்ட் உரிமை (மேலே சொன்ன விலக்கின்படி வரம்பை மீறி ஒப்பந்தம் செய்யும் உரிமை) டல்லாஸின் ஏட்டில் அப்படியே இருந்தது. சுமார் 43 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டு அதே கையோடு நெட்ஸுக்கு அனுப்பினார்கள். இந்த மாற்றுக்குப் பிறகு நெட்ஸுக்காக அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அங்கே கைமாறியது வீரரா, சம்பள எண்ணா? 'பரிமாற்றம்' என்று மட்டும் எழுதினால் இந்த விளையாட்டு வாசகருக்குப் பிடிபடாது.

இப்படி ஒப்பந்தம் போட்டு உடனே அனுப்புவதற்கு 'ஒப்பமிட்டு மாற்றல்'. 2024இல் கார்ல்-ஆந்தனி டவுன்ஸை வாங்க நியூயார்க் நிக்ஸும் இதையே செய்தது. அதிகம் அறியப்படாத மூன்று வீரர்களுக்கு ஒப்பமிட்டு மூன்றாம் அணியான ஷார்லட்டுக்கு அனுப்பிப் பொருத்தத்தைச் சரிக்கட்டியது.

> 'எக்ஸ்பைரிங் காண்ட்ராக்ட்' = காலாவதி ஒப்பந்தம்

காலாவதி என்றாலே தூக்கிப் போட வேண்டிய மாத்திரை அட்டைதான் கண்ணில் நிற்கிறது. இங்கே நிலைமை தலைகீழ். அந்தப் பருவத்தோடு சுமை இறங்கும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. 2008இல் பாவ் கசோலைக் கொடுத்த மெம்பிஸ் வாங்கிக்கொண்டவற்றில் குவாமே பிரவுனின் அப்படிப்பட்ட ஒப்பந்தமும் ஒன்று. 'முடிவாண்டு ஒப்பந்தம்' எனலாம்.

'ட்ரேடட் பிளேயர் எக்ஸெப்ஷன்' எனப்படுவதற்கு 'மாற்று வரவு' என்று போட்டிருக்கிறேன். வீரரோடு சம்பளத்தை அனுப்பிவிட்டு ஈடாகச் சம்பளம் எதையும் வாங்காத அணிக்கு அந்தத் தொகை ஓராண்டுக்கு வரவாக நிற்கும். 2020இல் கோர்டன் ஹேவர்ட் ஷார்லட்டுக்குப் போனபோது பாஸ்டனுக்கு 2.85 கோடி டாலர் இப்படிக் கிடைத்தது. அடுத்த மார்ச்சில் அதில் ஒரு பகுதியைக் கொண்டு எவான் ஃபோர்னியேவை எடுத்தார்கள். 'வரவு' என்றதும் கையில் பணம் வந்ததாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்பதுதான் கவலை. 'வரவு' வேண்டாமென்றால் 'மாற்றுச் சலுகை'.

மிச்சம் 'ஏப்ரன்': சம்பள உச்சவரம்புக்கும் மேலே உள்ள இரண்டு கோடுகள், தாண்டினால் கூடுதல் கட்டுப்பாடு. என்.பி.ஏ.வுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 ஒப்பந்தப்படி இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய அணி இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரே பெரிய வீரரை வாங்க முடியாது, மாற்றில் ரொக்கமும் கொடுக்க முடியாது. சமையலறை உடுப்பைத் தமிழாக்கிப் பயனில்லை. 'முதல் தடைக்கோடு', 'இரண்டாம் தடைக்கோடு' என்று எழுதி வருகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், பட்டியலில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.